மெல்லும் சத்தம்

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு மெஷின் என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், ஆனாலும் அதில் மரியாதை இருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட்டாக அடிப்பது அவள் வேலை. பக்கத்துச் சுவரை இடித்துக்கொண்டிருந்தபோதுகூட ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தவள். அவள் அடித்தது என்றால் டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அறுபதை நெருங்கும் வயதில் அந்த நம்பிக்கைதான் அவளுடைய சொத்து.

அதைக் கெடுக்க வந்து சேர்ந்தான் பில் போடுகிறவன். எதிர் மேஜை. வந்ததும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பான். வாயை மூடி மெல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். கறுக் மொறுக்கென்று அரைத்து, பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவி, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்புவான். சூப்பிய விரலாலேயே கீபோர்டைத் தட்டுவான். மதியம் உட்கார்ந்த இடத்திலேயே நகம் வெட்டுவான். ஒரு துண்டு பறந்து வந்து அவள் டம்ளர் பக்கத்தில் விழும். அவள் டம்ளரைத் தள்ளி வைப்பாள். முன்பெல்லாம் ஹெட்போனை மாட்டினால் உலகமே ஒதுங்கிக்கொள்ளும். இப்போது அதையும் தாண்டி அந்த எச்சில் சத்தம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் அவன் போனில் மச்சானுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். "வலது பக்கம்டா, வலது பக்கம்! எத்தனை தடவ சொல்றது?" ஹெட்போனில் டாக்டர், இடது சிறுநீரகத்தில் கட்டி என்றார். அவள் வலது என்று அடித்தாள். ஆபரேஷன் செய்ய இருந்தவர் படத்தையும் பார்க்கிற ஆளாக இருந்ததால் நல்ல கிட்னி தப்பியது.

விசாரணை நடந்தது. "நான் என்னக்கா பண்ணேன்? மெல்றது ஒரு குத்தமா?" என்று அவன் மூக்கால் அழுதான்.

"மாடுகூட இவனைவிட நாகரிகமா மெல்லும் டாக்டர். ஒண்ணு இவன் இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

டாக்டர் அவனைக் கழிப்பறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார். தொலைந்தது சனியன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

அறை அமைதியானது. அமைதியாவது மண்ணாவது! ஏசி சொட்டியது. டியூப் லைட் ரீங்கரித்தது. தன் எச்சிலைத் தானே விழுங்குவது களுக்கென்று கேட்டது. கட்டிய பல் நகர்ந்து டக்கென்றது. அவன் மென்றதைவிட அது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் விடாமல் அடித்தாள்.

வாரக் கடைசியில் ஒரு ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துப் பார்த்தாள். "கல்லீரல் இயல்பான அளவில் உள்ளது. அந்த ஜன்னலைச் சாத்தும்மா, தூசி வருது. பித்தப்பையில் கல் இல்லை."

டாக்டர் பதிவுக்கு நடுவே நர்ஸிடம் சொன்னது. எப்போதும் இப்படித்தான், இடையில் டீ கேட்பார், யாரையாவது திட்டுவார். இத்தனை வருடமாக அதெல்லாம் அவள் காதோடு நின்றுவிடும். இப்போது விரல் அள்ளிப் போட்டிருந்தது. பழி போட எதிர் மேஜையில் ஆள் இல்லை.

அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அழிக்கும் பட்டன் மேல் விரலைக்கூட வைத்தாள். கண்ட குப்பையையும் உள்ளே விடுகிற தன் தலையை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது, சாக்கடை அடைப்பைக் கையால் எடுக்கிற மாதிரி. காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம மெஷினுக்கும் கிறுக்குப் பிடிச்சிடுச்சா?" சிரிப்பு பாதியில் நின்றது. பிரச்சினைதான் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டதே என்று அந்த வாரமும் அவர் எதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"மத்ததெல்லாம் சரிதானேக்கா?"

"தெரியல டாக்டர். பதிவை எல்லாம் திரும்பக் கேட்டுப் பாக்கணும்."

"அப்ப உடனே உக்காந்து கேளுங்க."

அவள் நகரவில்லை.

"நான் வேணாம் டாக்டர். ஸ்டோர் ரூம்ல இருக்கானே, அவனைக் கேக்கச் சொல்லுங்க. மென்னுக்கிட்டே கேட்டாலும் பரவாயில்ல."