சதீஸ் பூசிப் பார்த்த மரவாசம்

1

இந்தக் கதை நாலு வரி விளம்பரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கரவனெல்லயில் கடை வைத்திருக்கும் றினாஸ், ஆண்களுக்கான சென்ட் ஒன்றைத் தந்து, தினமும் பூச உகந்ததா என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார். பேஸ்புக்கில் போடுவதற்கு.

"சந்தனமும் தேவதாருவும் கைகோத்து..."

(அடித்துவிட்டேன். தேவதாருவை நான் முகர்ந்ததே இல்லை.)

முகர்ந்ததைச் சொல்கிறேன். முதலில் எலுமிச்சைத் தோல். பிறகு மரஆலையில் அப்போதுதான் அறுத்த பலகை. ஆனால் என் வீட்டில் ஆண்கள் இல்லை. ரப்பர் தோட்டத்துச் சதீஸிடம் கொடுத்தேன்.

2

சதீஸுக்கு ரப்பர் பெக்டரியின் புகைக்கூடத்தில் வேலை. ஈர ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, ரப்பர் மர விறகை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் பாலை உறையவைக்கும் அசிட் நெடியும் புகையும் எத்தனை சோப் போட்டாலும் தோலை விட்டுப் போவதில்லை.

அவன் மனைவி விஜயகலா மாசமாக இருக்கிறாள். அவன் வாசலில் கால்வைத்தாலே அவளுக்குக் குமட்டும். சில வாரங்களாக அடுத்த லயத்து வீட்டு வரிசையில், அம்மா வீட்டில் இருக்கிறாள்.

(இங்கே அவளைக் கொஞ்சம் கடுமையானவளாக்கப் பார்த்தேன், கதைக்கு ஒரு சண்டை வேண்டுமே. முடியவில்லை. அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "அவர் மேல கோவமில்ல டீச்சர். மூக்குதான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது.")

3

சதீஸ் குளித்து, சென்டைத் தாராளமாக அடித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனான். விஜயகலா ஆசையாகத்தான் வெளியே வந்தாள். வந்த வேகத்தில் பின்பக்கம் ஓடினாள்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாள்: "ஏற்கெனவே ஒரு மரத்துப் புகை. அதுக்கு மேல இன்னொரு மரமா?"

இருவரும் சிரித்தார்களாம். பிறகு அவன் போத்தலை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி, தனியாகச் சாப்பிட்டான்.

4

விஜயகலாவுக்குக் கிளினிக் நாள். வழக்கமாகக் கூடப் போகும் அம்மாவுக்குக் காய்ச்சல். விடியவே விறகு போடப் போயிருந்த சதீஸ், குளிக்க நேரமில்லாமல் அப்படியே பஸ்ஸுக்கு ஓடிவந்தான். பள்ளி விடுமுறை, நானும் பின் சீட்டில் இருந்தேன்.

அவன் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, பாதி உடம்பு நடைபாதையில் தொங்க உட்கார்ந்தான். விஜயகலா பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தாள். கைக்குட்டையில் இரண்டு தரம் அடித்து, மூக்கில் வைத்துக்கொண்டாள். மறு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தள்ளிப் போகாதீங்க. இங்கிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வரும்வரை கைக்குட்டையையும் எடுக்கவில்லை, சட்டையையும் விடவில்லை.

5

"அவள் அவன் தோளில் சா..."

இந்த வரியை விஜயகலாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றாள். "சாயல டீச்சர். அவ்வளவுக்கு முடியல. பக்கத்துல இருந்தேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

றினாஸுக்கும் எழுதினேன்: குளித்து உலர்ந்த உடம்புக்குத் தினமும் நல்லது, அளவாக. வேலை முடிந்த உடம்புக்கு வேண்டாம். கைக்குட்டைக்கு மிகப் பொருத்தம். கடைசி வரியை எடுக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன்.

இனி முடிவு. புகைக்கூடத்திலிருந்து மரத்தில் பால்வெட்டும் வேலைக்கு மாற்றச் சொல்லிச் சதீஸ் தோட்டத்துத் துரையிடம் கேட்டிருக்கிறான், பதில் வரவில்லை. வந்துவிட்டது என்று எழுதலாம். மசக்கை தானாகத் தீர்ந்தது என்றும் எழுதலாம். அவர்கள் காத்திருக்கும்போது நான் மட்டும் முந்திப் போக மனம் வரவில்லை.

இன்று மாலை பார்த்ததோடு நிறுத்துகிறேன். சதீஸ் குளித்துவிட்டு மாமியார் வீட்டுக்கு நடந்தான். விஜயகலா இரண்டு தட்டில் சோறு போட்டாள். ஒன்றைத் தன் முன்னால் வைத்தாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று வாசலையும் தன் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அந்தத் தட்டை நீங்கள் வையுங்கள்.