பழுப்பே வராத காலை

பதினொரு வருஷமாக அவள் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பழுப்புக் குஞ்சு என்றால் வலது கூடை, மஞ்சள் குஞ்சு என்றால் இடது கூடை. பழுப்பு பெட்டை, மஞ்சள் சேவல். அவள் வேலை பார்த்த கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் முட்டைக்கான இனம் மட்டும்தான் பொரிக்கும். பெட்டைகளைப் பண்ணைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். சேவல் முட்டையும் இடாது, உடம்பில் கறியும் பிடிக்காது. அதனால் இடது கூடை சுவரோரம் இருந்த வாயுப் பெட்டிக்குள் போய்விடும், உயிரோடு திரும்பாது. அதைப் பற்றி அவள் நினைப்பதில்லை. நினைத்தால் கை ஓடாது. மணிக்கு ஆயிரத்திருநூறு பிரிக்கிற கை. அங்கே எல்லாரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று காலை மூன்றாம் பொரிப்பு எந்திரத்தைத் திறந்து தட்டுகளை மேஜைக்குக் கொண்டு வந்தார்கள். மின்னல் பக்கத்து நாற்காலிக்காரியோடு பேசிக்கொண்டே பிரித்தாள். கெட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பக்கத்துக்காரிக்குச் சோடாபுட்டி என்று பேர். கடைசி மகளுக்குப் பல் ஆடுகிறது, பிடுங்க விடமாட்டேன் என்கிறாள் என்று மின்னல் சொல்லி முடிப்பதற்குள் இடது கூடை நிறைந்து போய்விட்டது. அடுத்ததும் நிறைந்து போனது. மூன்றாவது கூடை பாதி வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: வலது கூடைக்கு இன்னும் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை.

முதலில் தன் கண் மேல்தான் சந்தேகம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவினாள். டம்ளரில் ஆறிப்போயிருந்த டீயைப் பார்த்தாள், பழுப்பாகத்தான் இருந்தது. சோடாபுட்டியின் ரவிக்கையும் பழுப்புதான். திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். ஒரே மஞ்சள். அடுத்த தட்டும் அப்படியே.

"மூணு பொண்ணப் பெத்தவ கை பட்டும் அத்தனையும் ஆம்பளையாவே வருது. ராசி மாறிடுச்சு உனக்கு," என்றாள் சோடாபுட்டி. மின்னலுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலாளர் வந்தார். தட்டைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த நிற அட்டையைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். போன வாரம் எந்திரத்தில் சூடு கொஞ்சம் ஏறியிருந்தது, சூட்டில் எல்லாம் ஆணாகிவிட்டதோ என்னமோ என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அட்டையில் மஞ்சள் என்றால் சேவல் என்றுதானே எழுதியிருக்கிறது? அட்டை இதுவரை பொய் சொன்னதில்லை. வெளியே பண்ணை வண்டி வேறு காத்து நின்றது. ஆகவே வேலையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மின்னல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எட்டாயிரம் முட்டை சார். ஒண்ணுகூடவா பொட்டையா இருக்காது? டாக்டர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நான் ஒண்ணையும் போட மாட்டேன்."

அவள் எதிர்த்துப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலிருந்தது. தப்பு செய்கிறோமா, சரி செய்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை வாயுப் பெட்டிக்குள் போடக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் மேலாளர் கூப்பிட்டனுப்ப, கால்நடை டாக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். வந்ததும் பெட்டிக்குள் ஏற்கெனவே போனவற்றைக் கேட்டார். இரண்டு கூடை, இருநூறு குஞ்சு. அதில் பத்தை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்து, சின்னக் கத்தரியால் வயிற்றைத் திறந்தார். மின்னல் பார்க்கவும் முடியாமல், போகவும் முடியாமல் கிட்டே நின்றாள். நான்கில் விதைக்கொட்டை இரண்டிரண்டாக இருந்தது. ஆறில் இடது பக்கம் அரிசி நொய்யளவு சூல்பை. ஆறும் பெட்டை.

பொரிக்கிற முட்டையை அனுப்பும் தாய்க்கோழிப் பண்ணைக்கு டாக்டரம்மா போன் போட்டார். நிஜம் அங்கேதான் இருந்தது. எப்போதும் பழுப்புச் சேவலையும் வெள்ளைக் கோழியையும்தான் ஜோடி சேர்ப்பார்கள். புதிதாக வந்த பொறுப்பாளர் எல்லாம் ஒன்றுதானே என்று வெள்ளைச் சேவலையும் பழுப்புக் கோழியையும் ஒரே கொட்டகையில் விட்டிருக்கிறார்.

"அதனால என்ன டாக்டர்? வெள்ளையும் பழுப்பும்தானே சேருது?" என்று கேட்டார் மேலாளர்.

"பொட்டைக் குஞ்சுக்கு இந்த நிறம் அப்பன்கிட்ட இருந்து மட்டும்தான் வரும். ஆம்பளைக் குஞ்சுக்கு ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரும், அதுல ஒண்ணு வெள்ளையா இருந்தாலே பழுப்பை அமுக்கிடும். வெள்ளை நிறம் குஞ்சுல மஞ்சளாத்தான் தெரியும். அப்பன் பழுப்பா இருந்தவரைக்கும் மக பழுப்பு, மகன் மஞ்சள். இப்ப அப்பன் வெள்ளை. ரெண்டும் மஞ்சள்."

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சூட்டில் ஆண் பெண் மாறுவது ஆமைக்கு என்றும் சொன்னார். மேலாளர் தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டினாரா என்பது வேறு விஷயம்.

குஞ்சு ஆணா பெண்ணா என்று யார் முடிவு செய்வது என்று மின்னல் மெதுவாகக் கேட்டாள். கோழியில் தாய் என்றார் டாக்டரம்மா. கையைக் கழுவிக்கொண்டே, மனுஷங்களுக்கு அப்படியே தலைகீழ், தகப்பன் கொடுப்பதுதான் என்று சேர்த்துக்கொண்டார்.

பதினாலு வருஷமாக அவள் நாத்தனார் வரும்போதெல்லாம் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: உன் வயித்துல ஒரே அச்சுதான் இருக்கு. மூன்றாவது பிறந்தபோது மின்னல் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்பே அழுதவள். கணவன் ஒருநாளும் திட்டியதில்லை. மறுத்தும் பேசியதில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை அடுக்கி அவனுக்கு விளக்கப் பார்த்தாள். சாவி செய்கிற கடைக்காரன்; எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள். பாதியில் கோழியும் மனுஷனும் அவளுக்கே கலந்துவிட்டது. கரண்டிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"இரு, இரு. நம்ம வீட்டுல அப்ப நான்தான் கோழியா?"

"அப்படியில்லீங்க. கோழியில முடிவு பொட்டைகிட்ட. நம்மள்ல உங்ககிட்ட."

அவன் ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். ஆனா யாரும் தெரிஞ்சு செய்யறதில்லையாம். தானா விழுறதுதானாம்."

இதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. பழி இறங்கினால் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தாள். இறங்கிய இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், பாவமாக. அதோடு, மகள்கள் பிறந்தது ஒரு பழியா என்ன? அந்தக் கேள்வியை இத்தனை வருஷமும் அவளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து வழக்கமான பேச்சை ஆரம்பித்தபோது, அவன் தட்டிலிருந்து தலை தூக்காமல், "அது என் பக்கம்க்கா," என்றான். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்று அடுக்களையில் வந்து கேட்டாள். மின்னல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மீதிக் குஞ்சுகளைப் பிரிக்காமல் தனிக் கொட்டகையில் வளர்த்தார்கள். ஆறாவது வாரம் கொண்டை சிவந்து சேவல்கள் தனியாகத் தெரிந்தன. மூவாயிரத்துச் சொச்சம் பெட்டைகளைப் பண்ணைக்காரர்கள் பேசாமல் வாங்கிப் போனார்கள்.

தாய்ப்பண்ணையில் ஜோடிகளை மாற்றிய பிறகு பழுப்பும் மஞ்சளும் முன்போலவே வந்தன. மின்னலின் கைதான் முன்போல ஓடவில்லை. மணிக்கு எண்ணூறைத் தாண்டுவதில்லை என்று மேலாளர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சரி சார் என்றாள். மஞ்சளாக ஒன்று கைக்கு வந்தால், அது எது என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இடது பக்கம் விடுவாள்.