எக்ஸ்ரே என்று கத்தினால்

என் எக்ஸ்ரே வண்டியின் சக்கரம் அந்த ஆளின் ஷூ நுனியில் ஏறி நின்றது. தப்பு முழுக்க என்னுடையதுதான். அவசரப் பிரிவின் திருப்பத்தில் எதிரே பார்க்காமல், துடைத்துவைத்த வண்டியின் பளபளப்பில் என் தலைமுடி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

“ஐயையோ, விரல் இருக்கா?”

“இருக்குண்ணே. ஷூ ஒரு சைஸ் பெருசு. நீங்க முதல்ல எங்க அத்தையைப் பாருங்க.”

அத்தை கட்டிலில் படுத்திருந்தார். பேக்கரி நடத்துகிறவர், நகக்கண்ணில் இன்னும் மாவு. வலது மேல்கை வீங்கித் தொங்கியது. மயக்கம் போட்டு விழப்போனவர் என்பதால் நகர்த்தவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால்தான் வண்டியோடு நான். மருமகன் அவருடைய இடதுகையைப் பிடித்தபடி நின்றார்.

கைக்கு அடியில் பிளேட்டை வைத்து, வயிற்றின் மேல் ஈய ஏப்ரனைப் போர்த்தி, நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, சுவிட்ச் ஒயரை நீளமாக இழுத்துத் தள்ளி நின்றேன்.

“எக்ஸ்ரே!”

வீட்டில் நான் கத்தினால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே அந்த ஒரு சொல்லுக்கு நர்ஸ், துணைக்கு வந்தவர்கள், பக்கத்துக் கட்டிலுக்கு டீ கொண்டுவந்தவர் எல்லாரும் சிட்டாய்ப் பறந்துவிடுவார்கள். எக்ஸ்ரே கதிருக்குத் தூரம்தான் பெரிய மருந்து. இரண்டு மடங்கு தள்ளி நின்றால் நாலில் ஒரு பங்குதான் மேலே படும். மருமகன் மட்டும் நகரவில்லை.

“கையை விட்டுட்டு வெளிய போங்க சார்.”

“நான் இருக்கேனே...”

“போடா, ஒண்ணும் ஓடிட மாட்டேன்” என்றார் அத்தை. அப்புறம்தான் போனார்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம். திரையில் பார்த்ததும் எனக்குள் இருக்கிற வம்புக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நேராக அடி வாங்கிய எலும்பு பெரும்பாலும் குறுக்கே உடையும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். இது முழங்கைக்கு மேலே, பிழிந்த துணி மாதிரி சுற்றிக்கொண்டு உடைந்திருந்தது. திருகு முறிவு.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். “எப்படிம்மா ஆச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன்.”

அதே நேரம், உள்ளே திரும்பி வந்திருந்த மருமகன், “மாடிப்படில...” என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா என்னை ஓரமாக அழைத்தார். “விழுந்தும் இப்படி உடையலாம். ஆனா யாராவது கையை முறுக்கினாலும் இப்படித்தான் உடையும். ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்றாங்க. அந்தாளு பக்கத்தை விட்டே நகர மாட்டேங்கிறான். நான் போலீசுக்குச் சொல்லியாகணும்.”

முறுக்கியவன் அவனாக இருந்தால், பேசவிடாமல் காவல் நிற்கிறான். இல்லையென்றால், ஒரு பாவப்பட்டவன் ஸ்டேஷனில் உட்காரப் போகிறான். எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஷூவை வேறு நசுக்கியிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்கவேண்டும். அவசரப் பிரிவில் தனிமைக்கு எங்கே போவது? தேவையில்லாமல் இன்னொரு படம் எடுக்க மாட்டேன். பேச்சுக்கு ஆசைப்பட்டு யார் உடம்பிலும் கதிரைப் பாய்ச்சுகிற ஆள் இல்லை நான். வண்டியை அணைத்தேன். சுவிட்சைக் கொக்கியில் மாட்டினேன். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினேன்.

“எக்ஸ்ரே!”

எல்லாரும் பறந்தார்கள். டாக்டரம்மா மட்டும் வண்டியில் அணைந்திருந்த விளக்கை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். மருமகனின் தோளைத் தட்டி அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

“இப்ப யாரும் இல்லம்மா. அவர் முறுக்கினாரா?”

“யாரு, அவனா? எறும்புக்கு வழி விட்டு நடக்கிறவன்.”

“அப்ப பாத்ரூம்?”

அவர் கூரையைப் பார்த்தார்.

“சொல்லலைன்னா போலீஸ் வரும்மா. அவரைத்தான் கூட்டிட்டுப் போவாங்க.”

அத்தையின் முகம் மாறியது. “போலீசா? அவன் என்னத்தப் பண்ணான்? எம் பொண்ணுகிட்ட சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்கு குடுத்திருக்கான், அவ்வளவுதான்.”

“என்னன்னு?”

“சொன்னா, அவ அவனைக் கூட்டிக்கிட்டுத் தனிக்குடித்தனம் போயிடுவா. போன தடவை மணிக்கட்டு சுளுக்கினப்பவே சொல்லிட்டா. அப்புறம் அந்த வீட்ல நான் யார் கூடப் பேசுறது?”

“என்னம்மா பண்ணீங்க ரெண்டு பேரும்?”

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். மாவு ஒட்டிய இடதுகையை முழங்கை ஊன்றி நிமிர்த்திக் காட்டினார்.

“கை மடக்குற போட்டி. நான்தான் வம்புக்கு இழுத்தேன். ஆனா ஒண்ணு, தோத்தேன்னு மட்டும் எழுதிடாதீங்க. எலும்பு உடையிற வரைக்கும் அவன் கைதான் கீழ இருந்துச்சு.”