பேன்ட் நிற்கும் இடம்

பொத்தான் துளைக்கு எட்டவில்லை. நாலு விரல் இடைவெளி இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேன்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்து இழுத்தாள். மேசைமேல் கிடந்த அண்ணனின் உடம்பு லேசாக ஆடியதே தவிர, வயிறு விட்டுக்கொடுக்கவில்லை.

"எதுக்கும்மா சிரமப்படுறீங்க?" என்றார் பிணவறை ஊழியர். "பின்பக்கம் கத்தரியால ஒரு வெட்டு வெட்டினா தானா வந்துரும். முன்னால பாத்தா தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்."

"வெட்ட வேணாங்க."

"வண்டி வந்துரும்மா."

"கொஞ்சம் இருங்க. கிழிசலோட அனுப்ப மனசு வரல."

அவர் கத்தரியும் கையுமாக வாசல் பக்கம் போய் நின்றார்.

சுகாதார நிலையத்தில் அவளுக்கு இடுப்பு அளக்கிற வேலை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான்: பேன்ட் நிற்கிற இடம் இடுப்பு இல்லை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும், வயிற்றை எக்காதீர்கள், மூச்சை விடுங்கள். வயிற்றில் சேரும் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் கோட்டை விட்டாள்.

அண்ணன் டாக்சி ஓட்டினான். உட்கார்ந்தே பிழைப்பு, கிடைத்த நேரத்தில் சாப்பாடு. இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. வீட்டில் அவனுக்கு அவள், அவளுக்கு அவன். டேப்பை எடுத்தாலே போதும், வயிற்றை முதுகோடு ஒட்டவைக்கப் பார்ப்பான்.

"டாக்டரம்மா, வாலிப வயசுலேருந்து எனக்கு ஒரே பேன்ட் சைஸ்தான். நீதானே துவைக்கிற, பாத்ததில்ல?"

"சைஸ் மாறலண்ணா. பேன்ட்தான் வருஷா வருஷம் கீழ எறங்குது. இப்படியே போனா முழங்காலுக்கு வந்துரும்."

"வரட்டுமே. காத்தோட்டமா இருக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். டேப்பைச் சுருட்டி வைத்துவிடுவாள்.

நேற்று டாக்சி நிறுத்தத்தில் சீட்டைச் சாய்த்துக் கண் மூடினான். தூங்குகிறான் என்று மற்ற டிரைவர்கள் எழுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. வீடு திரும்பினால் இனி யாரிடம் வாயாடுவது? மறுபடியும் பேன்ட்டைப் பிடித்து இழுத்தாள். தையல் நறநறவென்றது. பயந்துபோய் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள். தொப்புளுக்கு நேராக, தினமும் டேப்பைச் சுற்றுகிற அதே இடத்தில் அவை நின்றன. வேலைப் பழக்கம். அண்ணன் எந்தக் காலத்தில் அங்கே பேன்ட் போட்டான்?

அவள் அதை மெல்லக் கீழே இறக்கினாள். வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்ததும் பொத்தான் தானாக நுழைந்தது. வயிறு அதன்மேல் சொகுசாகச் சாய்ந்துகொண்டது. இப்போது அது அண்ணன்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஊழியர் எட்டிப் பார்த்தார். "ஆயிருச்சாம்மா? வெளிய இருக்கிறவங்கள முகம் பாக்க வரச் சொல்லட்டுமா?"

"வெளிய யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்."

அவர் கத்தரியை அலமாரியில் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த முக்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக் கடைசிப் பொத்தானையும் போட்டாள். கையை எடுக்காமல் அவன் வயிற்றின்மேலேயே வைத்திருந்தாள்.