சுவரில் நின்ற ஏழு பேர்

எண்பத்தேழில் பீர்க்கன்கரணை ரேஷன் கடைச் சுவரில் படம் வரையச் சொன்னதும் தபீதாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓவியம் படித்து முடித்து ஒரு வருடமாக வீட்டில் கிடந்தவள். ஊரே பார்க்கப்போகிற முதல் படம், லேசுப்பட்ட விஷயமா? கடைக்காரர் முனிரத்தினம் கேட்டதென்னவோ பூந்தொட்டி. இவளோ மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும் ஏழு பெண்களை, ஆளுக்கொரு டின்னோடு, அச்சு அசலாக வரைந்து தொலைத்தாள்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. விடியுமுன்னே வந்து ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனால் ஆளே நிற்பதாகத்தான் அர்த்தம். கல்லுக்கே அந்த மரியாதை என்றால் படத்துக்குச் சொல்ல வேண்டுமா? அடுத்து எண்ணெய் வந்த நாளில், படத்தின் முதல் ஆளான காந்திமதி பத்து மணிக்கு ஆடி அசைந்து வந்து நேரே முன்னால் நின்றாள்.

"ஏய், கடைசிக்குப் போ!" என்றாள் சரசு. அவள் நாலு மணிக்கே கல் வைத்தவள்.

"நான் போன வாரத்துலேர்ந்து நின்னுகினு கீறேன். சொவத்தப் பாரு. உன் கல்லுக்கு மூக்கு முழி கீதா?"

படத்திலிருந்த மற்ற ஆறு பேரும் "அதானே!" என்று முன்னால் பாய்ந்தார்கள். டின்னும் டின்னும் மோதின. நாலு பேர் பாராட்டுவதைக் காதால் கேட்கலாமென்று ஓரமாக நின்றிருந்த தபீதாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஊருக்கென்று வரைந்தால் ஊர் வந்து உரிமை கேட்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லையே!

"பேஜாரா போச்சு! இப்பவே சுண்ணாம்பு அடிச்சு மொத்தத்தையும் அழிக்கிறேன்" என்று கத்தினார் முனிரத்தினம்.

"சார், மூஞ்சிய மட்டும் நானே அழிச்சுடறேன் சார். மிச்சம் இருக்கட்டும்" என்றாள் தபீதாள்.

அந்த முகங்களுக்காகத்தான் மூன்று வாரம் வெயிலில் காய்ந்திருந்தாள். சுண்ணாம்பில் தூரிகையை முக்கி முதல் முகத்தருகே கொண்டுபோனாள். காந்திமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதே கண்ணு. என் கல்யாணத்துக்கே எவனும் போட்டோ புடிக்கல. எம் மூஞ்சின்னு ஒலகத்துல இது ஒண்ணுதான் கீது."

சொல்லிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு, முப்பது பேரைத் தாண்டி, வரிசையின் வாலில் போய் நின்றாள். மற்ற ஆறு பேரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள்.

காந்திமதியின் முறை வருமுன் எண்ணெய் தீர்ந்துவிட்டது. காலி டின்னோடு சுவரருகே வந்தவள் வெகுநேரம் தன்னையே பார்த்தாள்.

"மூக்குத்தி கொஞ்சம் சின்னதா கீது" என்றாள்.

தபீதாள் மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.