மேப்பில் மூடிய தெரு

வீட்டு வாசலில் கிடந்த நாற்காலிகளை ஓரம் தள்ளி, புருஷனைக் கிடத்த அவள் இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவன் வரும் வண்டியோ மூன்றாவது தடவையாக மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டின மனுஷனுக்குச் சொந்த வீட்டுக்கு வழி தெரியல பாரு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. இழவு வீடாயிற்றே என்று வாயைக் கட்டிவைக்கும் வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

முந்தின நாள் மதியம் சரக்குக் கிடங்கில் லாரியை ஒழுங்காக நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்தவன்தான். நிமிரவில்லை. மயானத்தில் நான்கு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். இப்போதே மணி மூன்று.

போன் அடித்தது. வண்டி டிரைவர்.

"அம்மா, உங்க தெரு மூடியிருக்குன்னு மேப் சொல்லுது. எப்படிப் போனாலும் மெயின் ரோட்டுக்கே கொண்டாந்து விடுது."

"திறந்துதாம்ப்பா கிடக்கு. நான் தெருவுலதான் நிக்கிறேன்."

"மேப்புல மூடியிருக்கேம்மா!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். ஒரு காலத்தில் கிடங்குக்குப் போகும் லாரியெல்லாம் குறுக்குவழி என்று இந்தத் தெருவில்தான் இறங்கும். அலமாரிப் பாத்திரம் ஆடும். மூன்று வருடமாக ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் தான் போட்ட மனுவின் மகிமை என்று அவர் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

"நம்ம மனு மேப் வரைக்கும் போயிடுச்சு போல," என்றார், துக்கத்துக்குத் தகுந்த அளவு அடக்கமாக.

புருஷனோடு லாரி ஓட்டும் 'ரிவர்ஸ்' எழுந்து வந்தான். பின்னால் எடுக்கும்போது மூன்று விளக்குக் கம்பங்களைச் சாய்த்து அவன் சம்பாதித்த பெயர் அது.

"அண்ணி, அது மனு இல்ல. அண்ணனோட வேலை."

"என்ன வேலை?"

"ரோடு மூடியிருக்குன்னு டிரைவருங்க நாலஞ்சு பேர் போன்ல தட்டிவிட்டா மேப் நம்பிடும். அப்புறம் எந்த வண்டிக்கும் அந்த வழியக் காட்டாது. உங்களுக்கு ஆபரேஷன் ஆனப்போ சத்தத்துல தூக்கமே இல்லைன்னு... அன்னையிலேர்ந்து மாசாமாசம் ஒண்ணாந்தேதி எங்களை உக்கார வெச்சுத் தட்ட வைப்பாரு. தட்டினாத்தான் டீ."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

'மண்டையப் பிளக்குது, நீங்களும் அந்தக் கூட்டம்தானே' என்று அவள் கத்திய நாளெல்லாம் அவன் "ம்" என்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். கல்லுக்குச் சொன்னாலும் காது முளைக்கும், இவருக்கு முளைக்காது என்று எதிர்வீட்டில் போய் அழுதிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி இப்போது தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேப்புலேர்ந்து அதை எடுத்துடவா அண்ணி? நாலு பேருக்கு போன் போட்டா அஞ்சே நிமிஷம்."

"வேண்டாம்."

"அப்புறம் வண்டி எப்படி வரும்?"

"நான் கூட்டிட்டு வரேன். அது அப்படியே இருக்கட்டும் தம்பி."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். நான்காவது சுற்றில் வந்த வெள்ளை வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். மயானத்துக்குத் திரும்ப இந்த மெயின் ரோட்டுக்கே வர வேண்டும்; உள்ளே போனால் திருப்ப இடமில்லை. பின்பக்கமாகவேதான் வர வேண்டும். அவள் வண்டியின் பக்கவாட்டில் நடந்தாள்.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி... வரலாம்..."

தெரு வாயை மூடிக்கொண்டு பார்த்தது. வீட்டு வாசல் வந்ததும், நிறுத்தச் சொல்லி வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.