இரண்டாவது சாவி

அப்பா கதவிலிருந்து இரண்டடி பின்னால் வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தான் மாட்டிய பூட்டைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். அப்போது என் தங்கை அவரைத் தாண்டி அறைக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை.

தங்கை என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. குழந்தை நலத் துறை எங்கள் வீட்டில் வளரச் சொல்லி ஒப்படைத்திருக்கும் பதினைந்து வயதுப் பெண். பெற்றவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். பையனாக இருப்பதென்றால் இரு, இல்லையென்றால் கிளம்பு என்றார்களாம். அவள் கிளம்பிவிட்டாள். துறையின் கோப்பில் இன்னமும் பையன் பெயர்தான் இருக்கிறது. அம்மா அதை ஒரே ஒரு முறை படித்தாள், பிறகு மறந்துவிட்டாள். அம்மா பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவள். தெருவில் யாருக்கு எந்தப் பல்லை எந்த வருடம் பிடுங்கினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஒரு பெயர் மட்டும் நினைவில் தங்கவில்லை. தங்கை தனக்கு வைத்துக்கொண்ட பெயரை மட்டும் அடுப்படியிலிருந்து தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிடுவாள். என்னிடம், "இது உன் தங்கச்சி. உன் சார்ஜரை ஒளிச்சு வச்சுக்கோ" என்றாள். அறிமுகம் முடிந்தது.

வந்த வாரத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அறைக் கதவுக்கு ஒரு பூட்டு. அப்பா பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். பிள்ளை வளர்ப்பில் என்னை வைத்துப் படித்த அனுபவம் அவரைப் பெரிதாக உற்சாகப்படுத்தவில்லை. புதிதாக ஒரு பெண் வந்து என்னவெல்லாம் கேட்பாளோ என்று நடுங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு, தெரிந்த ஒரே பாடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. கடையிலேயே உசத்தியான பூட்டை எடுத்துவந்தார். ஒரு பக்கம் திருகினால் பூட்டிக்கொள்ளும் குமிழ், மறுபக்கம் சாவித் துவாரம். பாட்டு முணுமுணுத்தபடி துளை போட்டு மாட்டினார். மாட்டியதில் குமிழ் வெளிப்பக்கம் வந்துவிட்டது.

இத்தனை வருடமும் கடைகளின் இரும்பு ஷட்டர்களுக்குப் பூட்டுப் போட்டுப் பழகியவர் அவர். உள்ளே இருப்பது சரக்கு, பூட்டுகிறவன் தெருவில் நிற்பான். கைக்கு அதுதான் தெரியும். வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி தனக்காகப் பூட்டிக்கொள்வாள் என்பது அந்தக் கைக்குப் புதுச் செய்தி.

"அங்கயும் இப்படித்தான் அங்கிள்" என்றாள் தங்கை, பையைக் கீழே வைக்காமலே. "விருந்தாளிங்க வந்தா வெளியில இருந்து பூட்டிடுவாங்க. எனக்குப் பழக்கம்தான். ஆனா மறுபடியும் முடியாது."

இதற்கு முன் அவளை வைத்திருந்த வீட்டைச் சொன்னாள். அப்பா குமிழைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி குமிழைப் பார்த்தார். கடையில் யாராவது தவறான சாவியைக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், அன்று நேராக ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பூட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினார். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தான் வெளியே நின்றார். டக் என்று சத்தம் கேட்டது. தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். திறக்கவில்லை. "பூட்டு நல்லா வேலை செய்யுது" என்று எங்களிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நல்லா வேலை செய்யும் பூட்டுக்கு வந்த முதல் ஆபத்து நலத் துறை மேடம். வீட்டைப் பார்வையிட வந்தவர் சமையலறையைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், என்னைப் பார்த்து எதுவோ குறித்துக்கொண்டார். பூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிள்ளைகள் அறையில் உள்பக்கம் பூட்டு இருக்கக் கூடாது என்பது விதியாம். தங்கை மிகவும் மரியாதையாக, பூட்டைக் கழற்றுவதென்றால் கையோடு தன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடும்படி கேட்டுக்கொண்டாள். மேடம் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். கெட்டவர் அல்ல, விதிகளோடு குடித்தனம் நடத்துகிறவர், அவ்வளவுதான். கடைசியில் ஒரு வழி சொன்னார். அவசரத்துக்கு இன்னொரு சாவி இந்த வீட்டில் பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் இருக்க வேண்டும். யாரிடம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். அடுத்த முறை வரும்போது அந்த ஆளைக் காட்டினால் பூட்டு இருக்கலாம், இல்லாவிட்டால் பூட்டு போகும். பொறுப்பான பெரியவர் என்றபோது அவர் கண் என்னைச் சுத்தமாகத் தாண்டிப் போனது. எனக்கு ஓட்டு இருக்கிறது. அதைச் சொல்லியும் பார்த்தேன்.

அன்று முதல் இரண்டாவது சாவி ஃப்ரிட்ஜ் தலையில் ஒரு காலிக் கிண்ணத்தில் கிடந்தது. தங்கை எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேர்காணல் நடத்தினாள். வாழ்நாளில் பாதியை அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே கழித்தவள், மேசையின் இந்தப் பக்கம் நன்றாகவே உட்கார்ந்தாள். கேள்வி ஒன்றுதான். சாவி உங்களிடம் இருந்தால் எப்போது திறப்பீர்கள்?

என் சார்ஜர் உள்ளே மாட்டிக்கொண்டால் என்றேன். அடுத்தவரை வரச் சொன்னாள்.

அம்மா தயாராக வந்திருந்தாள். தீப்பிடித்தால், காய்ச்சல் என்றால், விழுந்துவிட்டால், பள்ளிக்கு எழுந்திருக்காவிட்டால், சாப்பிடாமல் படுத்துவிட்டால், ஃபேனை அணைக்க மறந்துவிட்டால், துணியை ஊறவைக்கப் போடாவிட்டால் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். "அப்ப தினமும் திறப்பீங்க ஆன்ட்டி" என்றாள் தங்கை. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை முழுதும் பாத்திரங்களை மிக மெதுவாகக் கழுவினாள். அம்மா கோபப்பட்டால் பாத்திரம் உருளும், வருத்தப்பட்டால் சத்தமே வராது.

அப்பா தன் முறை வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டார். "எனக்கு எதுக்கு கண்ணு சாவி? உன் ஹேர்பின்ன குடு, அதுலயே திறந்துடுவேன்." அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "ஆனா கூப்பிடாம எந்தக் கதவையும் திறந்ததில்ல" என்றார் அவசரமாக. பூட்டுப் போட்டவன் சாவியை வைத்துக்கொள்ளக் கூடாது, அது தொழிலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போட்டியிலிருந்தும் விலகிக்கொண்டார். சாவி கிண்ணத்திலேயே கிடந்தது. மேடம் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். சொல்லாமல் வருவார், சாப்பிடுவார், அறிவுரை சொல்வார், மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போவார். அன்று சாப்பாட்டு மேசையில் தங்கையின் காதுத் தொங்கட்டானையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் அங்கே இல்லாதது போல என்னிடம் திரும்பினார்.

"ஏண்டா, இது பையன்தானே? இப்பவே நாலு போட்டு வழிக்குக் கொண்டு வர வேண்டாமா? அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவி வைத்தாள். அறைக்குள் போனாள். டக்.

"உனக்கு அம்பத்தெட்டு ஆச்சுண்ணா" என்றாள் அம்மா. "நீ வளைஞ்சியா?"

மாமா சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. அம்மா அவர் தட்டை, அதில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே, எடுத்துவிட்டாள். "அது எங்க பொண்ணு. அவ இருக்கற வீட்டுக்கு இந்தப் பேச்சோட வராத. செருப்பு வாசல்ல இருக்கு." மாமா வெறுங்கையோடு போன முதல் மதியம் அது.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். அறையிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அழுகிற சத்தமாவது கேட்டால் தேவலை என்றிருந்தது. மூன்று பேரும் ஃப்ரிட்ஜைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு முறை எழுந்து ஃப்ரிட்ஜ் வரை போனாள். கையைத் தூக்கினாள். பிறகு அந்தக் கையாலேயே ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல் மூடினாள். நேராகப் போய் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணு, பேச வேண்டாம். திறக்கவும் வேண்டாம். உள்ள நல்லா இருக்கியான்னு மட்டும் ஒரு தட்டு தட்டு."

அப்பா கடையில் பூட்டுக்குள் காது வைத்துக் கேட்பாரே, அந்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளிருந்து, கீழே, கிட்டத்தட்ட அம்மாவின் தோள் உயரத்தில், ஒரு தட்டு கேட்டது. அவளும் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சட்டையை நானே மடிக்க வேண்டியதாயிற்று. வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறிய பிறகு டக் என்று கேட்டது, கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் கட்டிலில் பை தெரிந்தது. ஜிப் பாதி திறந்து, ஒரு சட்டைக் கை வெளியே தொங்கியது. எடுத்து வைக்கிறாளா, எடுத்து வெளியே போடுகிறாளா என்று பார்த்தால் சொல்ல முடியாது.

தங்கை எங்களைத் தாண்டி நடந்து போய் ஃப்ரிட்ஜ் மேல் எட்டிப் பார்த்தாள். சாவி அதே கிண்ணத்தில் இருந்தது.

"ஏன் எடுக்கல?"

"நீ இன்னும் யாருக்கும் தரலையே" என்றாள் அம்மா, துணியிலிருந்து தலை தூக்காமல்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் மடியில், மடித்த தலையணை உறையின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டக்.

"ஆன்ட்டி" என்றது உள்ளேயிருந்து குரல். "வேலை செய்யுதான்னு திறந்து பாருங்க."

"ஒரு சொட்டு எண்ணெய் விடணும்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாவியைத் துவாரத்தருகே கொண்டுபோனாள். பிறகு அதைக் கையில் திருப்பிப் பிடித்து, சாவியின் தலையால் கதவை மெதுவாகத் தட்டினாள்.